துடைத்த துணியைத் துவைப்பது யார்?

மோட்டார் வண்டியைத் துடைக்கிற துணியைப் பற்றி ஓர் இலக்கியப் பக்கத்திலே எழுதப் புகுந்தால், "இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஒரு வீட்டிலே அழுக்கு யாரால் உண்டாகிறது, அதை யார் போக்குகிறார்கள் என்ற இரண்டையும் அறிந்துகொண்டால், அந்த வீட்டின் கதையில் பெரும்பகுதியை அறிந்தவர்களாவோம் என்பது என் எண்ணம். எங்கள் வீட்டுக் கதை எனக்குச் சென்ற மாசி மாதத்திலே ஒரு நீலத் துண்டின் மூலமாகத் தெரியவந்தது.

வட்டகொடையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் நடுவே, 1885ஆம் ஆண்டில் நானுஓயா வரையில் நீண்ட இருப்புப் பாதையின் ஓரத்திலே இருக்கிற ஊர் இது. சுற்றிலும் தேயிலை, தேயிலைக்கு நடுவே லயங்கள். இரவிலே மூடுபனி இறங்கி எல்லாவற்றையும் ஈரமாக்கிவிடும். மழையற்ற நாட்களிலே தோட்டத்துச் சாலையின் செம்மண் தூசி எழுந்து, அந்த ஈரத்தின்மேல் அப்பிக்கொள்ளும். காலையிலே வெளியே நிறுத்தியிருக்கும் வண்டியைப் பார்த்தால், அதன் நிறம் இன்னதென்று சொந்தக்காரனுக்கே சந்தேகம் வந்துவிடும்.

அப்படிப்பட்ட வண்டி ஒன்றுக்குச் சொந்தக்காரன் என் தமக்கையின் மகன். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்குமாக வேன் ஓட்டி ஹயர் செய்கிறான். வேன் அவனுடையது என்று சொன்னேனேயன்றி, லீசிங் பணம் கட்டி முடியும் வரையில் அது பாதிதான் அவனுடையது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதையும், 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்ததையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இடையிலே 2022ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைகளும் வந்துபோயின. அந்த ஐந்து ஆண்டுகளிலே பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோரும் கண்டதுதான். ஆகவே, வேனின் மேற்பூச்சு என்பது எங்களைப் போன்றவர்களுக்கு அழகுக் காரியமன்று, அது முதல். நாளை விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் முதலிலே பார்ப்பது இயந்திரத்தையல்ல, வெயிலிலே பூச்சு எப்படி மின்னுகிறது என்பதைத்தான்.

இக்காலத்து வண்டிகளின் பூச்சைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். நிறப் பூச்சின்மேலே நிறமற்ற மெல்லிய வார்னிஷ் போன்ற ஒரு படலம் பூசப்படுகிறது. பொதுவாக அதன் கனம் ஒரு மில்லிமீட்டரிலே ஆயிரத்தில் நாற்பது, ஐம்பது பங்குதான். மனிதருடைய தலைமயிரே சுமார் எழுபது பங்கு இருக்கும். மயிரைவிட மெல்லிய அந்தப் படலத்திலேதான் மினுக்கம் முழுவதும் இருக்கிறது. நம் மலைநாட்டு மண்ணிலோ படிகக்கல் துகள் நிறைய உண்டு. கடினத்தன்மையை அளக்கும் அளவுகோலிலே படிகக்கல்லுக்கு ஏழாம் இடம்; சாதாரணக் கத்தியின் இரும்புகூட அதற்குக் கீழேதான் நிற்கிறது. அந்தத் துகளோடு சேர்த்துத் துடைத்தால் என்ன நேரும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

முன்னாளிலே பங்களாத் துரைமாரின் மோட்டார் வண்டிகளை டிரைவர்கள் பதப்படுத்திய ஆட்டுத்தோலால் துடைப்பார்கள். மற்றவர்கள் பழைய வேட்டியையும் பனியனையும் கொண்டு சமாளித்தார்கள். இன்றைக்கு அவற்றின் இடத்தைப் பிடித்திருப்பது மைக்ரோஃபைபர் என்று சொல்லப்படுகிற நுண்ணிழைத் துண்டு. ஒன்பதாயிரம் மீட்டர் நீளமுள்ள இழை ஒரு கிராமுக்கும் குறைவாக நிறுத்தால், அதை நுண்ணிழை என்கிறார்கள். பட்டுப்புழு நூற்கும் இழையைவிட இது மெல்லியது. பாம்பின் சட்டைக்கு ஒப்பான துணியைப் பாணர்க்குப் பரிசளித்த பழந்தமிழ் மன்னர்கள் இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! 1970ஆம் ஆண்டையொட்டி ஜப்பானிலே டோரே நிறுவனத்தைச் சேர்ந்த மியோஷி ஒகமோட்டோ என்னும் விஞ்ஞானி இத்தகைய இழையை ஆக்கும் வழியொன்றைக் கண்டார். இன்று துண்டுகளுக்கு வழங்கும் முறை வேறொன்று. பொலியெஸ்டரையும் நைலோன் இனத்தைச் சேர்ந்த பொலியமைட்டையும் ஓர் ஆரஞ்சுப் பழத்தின் சுளைகளைப்போல ஒன்றாகச் சேர்த்து நூற்று, பிறகு சுளை சுளையாகப் பிரிந்துபோகச் செய்கிறார்கள். பிரிந்த சுளைகளின் இடுக்குகளிலே நீரும் எண்ணெயும் தூசியும் புகுந்து தங்கிவிடுகின்றன. துண்டின் வித்தை முழுவதும் அந்த இடுக்குகளிலேதான் இருக்கிறது. இதை மனத்திலே வைத்துக்கொண்டால், பின்னர் நான் சொல்லப்போவதெல்லாம் தாமாகவே விளங்கும்.

இந்தத் துண்டுகளிலே விலையுயர்ந்தவையும் உண்டு. கட்டுக் கட்டாக மலிந்த விலையிலே விற்பவையும் உண்டு. மலிவானது உதவாது என்று பட்டணத்து நண்பர் ஒருவர் எனக்கு உபதேசித்தார். தோட்டத்திலே நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயை எட்டுவதற்கு 2021ஆம் ஆண்டு வரையில் காத்திருந்த மக்களிடம் வந்து, வண்டி துடைக்க விலையுயர்ந்த துண்டு வாங்குங்கள் என்று சொல்வதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அது போகட்டும், உபதேசமும் முழு உண்மையன்று. மலிவான துண்டு மெல்லியதாக இருக்கும், ஓரத் தையல் முரடாக இருக்கும், பெயர்ச்சீட்டொன்று உறுத்திக்கொண்டிருக்கும், புதிதிலே பஞ்சும் சாயமும் விடும். சீட்டைத் தையலோடு பிரித்தெடுத்துவிட்டு, முதல் உபயோகத்துக்கு முன்னே ஒருமுறை தனியாக அலசிவிட்டால், இக்குறைகளிலே பெரும்பாலானவை நீங்கிவிடும். சந்தேகம் தீராதவர்கள், வேனிலே கிடக்கும் பழைய பாட்டு இறுவட்டு ஒன்றை எடுத்து, அதன் பளபளப்பான பக்கத்தைப் புதுத்துண்டால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். கீறல் விழுந்தால் அந்தத் துண்டு சக்கரத்துக்குப் போகட்டும். விழாவிட்டால் பூச்சுக்கு வரட்டும். ஒரு விலையுயர்ந்த துண்டை வைத்துக்கொண்டு வண்டி முழுவதையும் துடைப்பவனைவிட, பத்து மலிந்த துண்டுகளை வைத்துக்கொண்டு அடிக்கடி மாற்றித் துடைப்பவன் வண்டிக்கு நல்லவன் என்பதே என் கட்சி.

துண்டு கெடுவது விலையாலல்ல, கையால். இதற்கு நானே சாட்சி. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றிலே மருமகனுக்கு உதவி செய்கிறேன் என்று நானும் ஒரு நீலத் துண்டோடு புறப்பட்டேன். துண்டு கைநழுவி மண்ணிலே விழுந்தது. எடுத்தேன், இரண்டு முறை உதறினேன், பொனட்டைத் துடைத்தேன். வெயில் ஏறியபோதுதான் நான் செய்த காரியம் தெரிந்தது. பிறைபிறையாகக் கீறல்கள்! "பரவால்ல மாமா" என்றான் பையன். அவன் முகம் அப்படிச் சொல்லவில்லை. உதறினால் உதிரும் தூசி சேலைக்கும் வேட்டிக்கும் உரியது. நுண்ணிழையின் இடுக்கிலே நுழைந்த மண்ணை உதறல் வெளியேற்றாது. கீழே விழுந்த துண்டு, துவைக்கும் வரையில் பூச்சருகே வரக்கூடாது.

துடைக்கும் முறை மிகச் சிறியது. முதலிலே தண்ணீரை ஊற்றித் துகளைக் கழுவவேண்டும். பிறகு இரண்டு வாளி: ஒன்றிலே சவர்க்கார நீர், மற்றொன்றிலே வெறும் நீர். துண்டை வெறும் நீரிலே அலசிவிட்டே மறுபடி சவர்க்காரத்திலே தோய்க்கவேண்டும். மேலிருந்து கீழாகக் கழுவவேண்டும். அடிப்புறந்தான் அழுக்கு மிகுந்த இடம். உலர்த்தும் துண்டை நான்காக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானவுடன் அடுத்த முகம். அழுத்தம் வேண்டாம், துண்டின் பாரமே போதும். பூச்சுக்கு நீலம், கண்ணாடிக்கு மஞ்சள், சக்கரத்துக்குப் பச்சை என்று நிறம் பிரித்துக்கொள்வது உத்தமம். பூச்சுக்கு உழைத்துத் தேய்ந்த துண்டு சக்கரத்துக்கு இறங்கலாம். சக்கரத்துக்குப் போனது பூச்சுக்கு ஏறக்கூடாது. கீழே இருப்பது மேலே ஏறக்கூடாது என்பது துணிக்கு நல்ல விதி. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் முதல் 2003ஆம் ஆண்டின் சட்டம் வரையில் இந்த மலைகளிலே மனிதர்களுக்கும் அதைப் பிரயோகித்துப் பார்த்தார்கள் என்பதுதான் வேதனை.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். துடைத்து முடிந்தது, வேன் மின்னுகிறது. பத்துத் துண்டுகள் சேறும் மெழுகும் எண்ணெயுமாகக் குவிந்து கிடக்கின்றன. அவற்றை யார் துவைப்பது?

எங்கள் வீட்டிலே அந்தக் கேள்வி கேட்கப்பட்டதே இல்லை. என் தமக்கை துவைத்தாள். விடியுமுன் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, பெரட்டுக்குப் போய், மலையேறிக் கொழுந்து பறித்து, மடுவத்திலே நிறுத்துக் கொடுத்துவிட்டு, பொழுது சாயத் திரும்பும் அவள், மகனுடைய துண்டுகளையும் மற்றத் துணிகளோடு சேர்த்துப் பீலிக்கு எடுத்துப் போவாள். கல்லிலே அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, பிழிந்து, தேயிலைச் செடிமேல் விரித்துவிடுவாள். மழை நாளானால் அடுப்புக்கு மேலே கொடி. ஐம்பது வருஷமாக அவள் துணி துவைத்த முறை அது. பருத்திக்கு அது குற்றமற்ற முறை.

துண்டுகள் சொரசொரப்பாகிவிட்டன என்று மகன் குறைப்பட்டுக்கொண்டதைக் கேட்டு, அவள் ஒரு காரியம் செய்தாள். தன் கைக்காசைக் கொடுத்து, துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் ஒரு சிறு பாக்கெட் வாங்கி, கடைசி நீரிலே கலந்து அலசினாள். துண்டுகள் பூப்போல மணந்தன. பூப்போல மெத்தென்றும் ஆயின. மறுநாள் துடைத்தபோது, தண்ணீரைக் குடிப்பதற்குப் பதிலாக அதைப் பூச்சின்மேல் இழுத்துக்கொண்டு போயின. காரணம் எளிது: அந்தத் திரவம் இழையின்மேல் வழுவழுப்பான ஒரு படலமாகப் படிந்து, இடுக்குகளை அடைத்துவிடும். அடைத்த இடுக்கிலே நீர் எப்படிப் புகும்?

"ஏம்மா, ஒனக்குத் துணி தொவைக்கக்கூடத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டான் பையன்.

அவள் பதில் சொல்லவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அப்போதுதான் அந்தக் கைகளைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. கொழுந்துக் கறை ஏறி, விரல்நுனிகள் வெடித்துக் கிடந்தன. முன்னொரு நாள், துண்டு புதிதாக வந்தபோது, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தத் துணி என் கையப் பிடிச்சுக்குது" என்று சொல்லிச் சிரித்தாள். நல்ல நுண்ணிழை வறண்ட தோலின் வெடிப்புகளிலே மாட்டிக்கொள்ளும். அது அதன் தரத்துக்கு அடையாளம். மிருதுவான கைகளுக்கு அது அவ்வளவாகத் தெரிவதில்லை.

துண்டுகளை மீட்பது பெரிய காரியமாக இல்லை. இளஞ்சூட்டு நீரிலே திரவச் சவர்க்காரம் கொஞ்சம் விட்டு ஊறவைத்து, கையால் கசக்கி, பல நீரிலே அலசினோம். மூன்று தடவை அப்படிச் செய்தபின், பழைய குணம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. அந்த முறையையே வழக்கமான முறையாகவும் வைத்துக்கொள்ளலாம். துண்டு ஈரமாக இருக்கும்போதே துவைத்துவிடவேண்டும். மெழுகு காய்ந்து இறுகவிடக் கூடாது. பருத்தித் துணியோடு சேர்க்கக் கூடாது. பருத்தி உதிர்க்கும் பஞ்சை நுண்ணிழை பிடித்துக்கொண்டு விடாது. தூள் சவர்க்காரத்தைவிடத் திரவம் நல்லது. கரையாத தூள் தங்கிவிடும். வெளுப்புத் திரவம் வேண்டாம்; அது நைலோனை அரித்துவிடும். கல்லிலே அடிக்கவும் வேண்டாம், பிரஷ்ஷும் வேண்டாம். செடிமேல் காயப்போட்டால் சுள்ளியும் சருகும் இழையிலே ஏறிக்கொள்ளும். அடுப்புக்கு மேலே போட்டால் புகையும் கரியும் படியும். கடுஞ்சூடு நுண்ணிய இழைகளைச் சுருக்கிக் கருக்கிவிடும். கொடியிலே, காற்றோட்டமான நிழலிலே உலர்த்தி, ஒரு மூடிய பெட்டியிலே வைத்துவிட்டால் வேலை முடிந்தது. சலவை இயந்திரம் உள்ள வீடுகளிலே, இத்துண்டுகளை மட்டும் தனியாகப் போட்டுச் சூடு குறைத்துத் துவைக்கலாம்.

இவ்வளவு நுட்பங்கள் உள்ள வேலையை, அதன் பயனை அடையாத ஒருத்தியின் தலையிலே, ஒரு வார்த்தைகூட விளக்காமல் சுமத்திவிட்டு, "தெரியலையா?" என்று கேட்பது எந்த நியாயம்? துடைப்பது கைத்திறன், துவைப்பது வெறும் கூலிவேலை என்றொரு நினைப்பு ஆண்கள் மனத்திலே ஊறிப்போயிருக்கிறது. அது தவறு. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். இந்தத் தோட்டத்திலேயே கவ்வாத்து வெட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டித் தரும்படி எவராவது மனைவியிடமோ தாயிடமோ கொடுத்ததுண்டா? தானே தீட்டுகிறான், விரலால் தடவிப் பார்க்கிறான், கத்தி மழுங்கினால் செடி பாழாகும் என்று அறிந்திருக்கிறான். தச்சன் உளியையும் நாவிதர் கத்தியையும் பிறர் கையிலே கொடுப்பதில்லை. வேன் ஓட்டுபவனுக்குத் துண்டு ஓர் ஆயுதம். ஆயுதத்தைப் பேணுவது ஆயுதத்துக்கு உரியவனின் கடமை.

"அவன் பாவம், நாளெல்லாம் வண்டி ஓட்டி உழைக்கிறான்" என்பார்கள். மறுக்கவில்லை. அவளும் நாளெல்லாம் மலையேறி உழைக்கிறாள். உழைப்பைத் தராசிலே வைத்தால், துண்டுகளின் பாரம் எந்தத் தட்டிலே சேரவேண்டும் என்பதை நடுநிலையாளர் சொல்லட்டும்.

"மலிந்த துண்டுதானே, ஒருமுறை துடைத்துவிட்டு எறிந்துவிட்டால் போகிறது" என்பவர்களும் உண்டு. இது முன்னதிலும் மோசமான யோசனை. துண்டு எதனால் ஆனது என்று மேலே சொன்னேன்: பொலியெஸ்டர், பொலியமைட். பிளாஸ்டிக் என்று சொல்ல மனம் வராமல் நாம் வைத்திருக்கும் அழகிய பெயர்கள் அவை. எறிந்தால் மக்காது, எரித்தால் நச்சுப்புகை. துவைத்தாலும் ஒவ்வொரு துவையலிலும் கண்ணுக்குத் தெரியாத இழைத்துண்டுகள் உதிர்கின்றன. இங்கிலாந்திலே பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை இயந்திரத்திலே துவைத்தால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இழைத்துண்டுகள் வெளிவரக்கூடும். பொலியெஸ்டரானால் சுமார் ஐந்து லட்சம். கடலிலே சேரும் முதல்நிலை நுண்பிளாஸ்டிக்கில் 35 சதவீதம் செயற்கைத் துணிகளின் துவையலிலிருந்து வருவதாக, இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் 2017ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது.

கடல் எங்கே, வட்டகொடை எங்கே என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஓடைகள் கொத்மலை ஓயாவிலே விழுகின்றன. அது மகாவலியிலே கலக்கிறது. மகாவலி 335 கிலோமீட்டர் நடந்து திருகோணமலைக்கருகே கொட்டியாரக் குடாவிலே கடலைச் சேர்கிறது. நாம் மேலே அலசியதைக் கீழே உள்ளவர்கள் குடிக்கிறார்கள். அந்தக் கீழேயும் வெகுதூரத்தில் இல்லை. மேல் லயத்து ஓடை பணிய லயத்துக்குத்தான் முதலிலே போகிறது. ஆகவே ஓடையிலும் பீலியிலும் இத்துண்டுகளைத் துவைக்கக் கூடாது. வாளியிலே துவைத்து, அந்த நீரை ஒரு பழைய பருத்தித் துணியால் வடிகட்டி, ஓடைக்கு எட்டாத மண்ணிலே ஊற்றவேண்டும். இதனால் இழைகள் அழிந்துபோகும் என்று நான் சொல்லவில்லை. ஓடும் நீரிலே நேராகச் சேர்வதையாவது குறைக்கலாம். துண்டை நன்றாகப் பேணிப் பல ஆண்டுகள் உபயோகித்தால் புதிதாக வாங்குவது குறையும். இயந்திரத்துக்கும் மிதியடிக்கும் பழைய பனியனே போதும். எல்லாவற்றுக்கும் நுண்ணிழை வேண்டியதில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன முன்னோருக்கு இதை நாம் கற்பிக்கவேண்டியதில்லை. அவர்களிடமிருந்து நாம் மறந்ததை நினைவுகூர்ந்தால் போதும்.

மருமகனிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். பிரசங்கமாகச் சொல்லவில்லை, பொனட்டிலே கீறல் போட்ட மாமனுக்குப் பிரசங்கம் செய்யும் அருகதை ஏது? கவ்வாத்துக் கத்தியைப் பற்றி மட்டும் சொன்னேன். அவன் தகப்பன் கவ்வாத்து வெட்டியவர். பையன் நெடுநேரம் பேசாமல் இருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, லயத்து முற்றத்திலே இரண்டு வாளிகளோடு அவன் குந்தியிருந்தான். அக்கா வாசற்படியிலே சாயத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பகலிலே அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம். "முறுக்கிப் பிழியாதடா, அமுக்கி விடு" என்று இடையிடையே சொன்னாள். துவைக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியவளல்லவா!

நீலம் ஆறும் மஞ்சள் நான்குமாகக் கொடியிலே ஆடின. உலர்ந்ததும் அவள் எழுந்து போய், ஒன்றின் ஓரத்தை விரல்களால் தடவிப் பார்த்தாள்.

"பிடிக்குது" என்றாள்.